எழுத்துக்கும் விசாவுக்கும் நடுவில்: பழைய மாணவியர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் இருக்கும் தமிழ்ப் பெண்கள் பாடசாலைகளின் பழைய மாணவியர் சங்கங்களுக்கும், வேம்படி, சுண்டிக்குளி, உடுவில் போன்ற யாழ்ப்பாணக் கல்லூரிகளின் கொழும்புக் கிளைகளுக்கும்,

அன்புள்ள அக்காமாருக்கும் தங்கைமாருக்கும் வணக்கம்.

உங்கள் அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு விடயத்தைச் சேர்க்கும்படி கேட்டு இதை எழுதுகிறேன். கலியாணம் முடித்து வெளிநாடு போகக் காத்திருக்கும் எங்கள் பிள்ளைகளின் படிப்பும் தொழிலும் என்னாகிறது என்பதுதான் அந்த விடயம். நானும் உங்களில் ஒருத்தி. பல வருடம் ரொறன்ரோவில் வேலை செய்துவிட்டு, அம்மாவைப் பார்க்கவென்று வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்தவள். வந்த நாளிலிருந்து, தெரிந்தவர்களின் பிள்ளைகள் கையில் ஒரு ஃபைலோடு வீட்டுக்கு வருகிறார்கள். அந்த ஃபைல்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த மடலை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

கனடாவோ லண்டனோ ஜெர்மனியோ சுவிஸோ, எந்த நாடானாலும் நடப்பது ஒன்றுதான். எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், முடிகிறது. மாப்பிள்ளை திரும்பிப் போய் ஸ்பொன்சருக்குப் போடுகிறார். பிள்ளை இங்கே காத்திருக்கிறாள். சிலருக்கு அது சில மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல். அந்தக் காலத்தில் வீட்டில் எல்லோரும் சொல்வது, "எப்படியும் போகப் போறாய்தானே, இனி என்ன வேலை? விட்டிட்டு வீட்டில நில்லன்." அவளும் வேலையை விடுகிறாள். சமையல் பழகுகிறாள், சாரி பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறாள், இரவில் வாட்ஸப்பில் கதைக்கிறாள். விசா வந்ததும் இரண்டு கிழமைக்குள் விமானம் ஏறிவிடுகிறாள்.

வெளிநாட்டில் ஒரு பெண் தன் மனத்துக்குப் பிடித்த தொழிலில் நிற்பாளா, கிடைத்த வேலையில் பத்து வருடம் கழிப்பாளா என்பது பெரும்பாலும் இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் தீர்மானமாகிறது. இது என் உறுதியான நம்பிக்கை. இங்கே ஒரு கிழமையில் முடியக்கூடிய வேலைகள் அங்கே போன பிறகு ஒரு வருடத்தை விழுங்கிவிடும். அந்த வருடத்துக்குள் ஒரு குழந்தை வந்துவிடும், வீட்டுக் கடன் வந்துவிடும். பிறகு படிப்பைப் பற்றி யார் கதைப்பார்கள்?

ஒரு உதாரணம் சொல்கிறேன். இங்கே அரச பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த தங்கை ஒருத்தி. நல்ல ஆசிரியை. அவளிடம் படித்த பிள்ளைகள் இன்றும் அவளைப் பற்றிக் கதைக்கிறார்கள். கனடா விசா வந்த அவசரத்தில் முறைப்படி இராஜினாமாக் கடிதம் கொடுக்காமலே போய்விட்டாள். "வேண்டாம், பிறகு பார்க்கலாம்" என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அங்கே போய் ஒரு பக்கிங் தொழிற்சாலையில் வேலை. பிள்ளை பாலர் வகுப்புக்குப் போகத் தொடங்கிய பிறகுதான், திரும்பவும் படிப்பிக்கலாமே என்ற எண்ணம் வந்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஆசிரியராகப் பதிவு செய்வது ஒன்ராறியோ கொலேஜ் ஒஃப் டீச்சர்ஸ் என்ற அமைப்பு. நீங்கள் படித்த பல்கலைக்கழகம் உங்கள் ட்ரான்ஸ்கிரிப்டை, அதாவது பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரத்தை, நேரடியாக அவர்களுக்கு அனுப்ப வேண்டும். அதோடு, முன்னர் படிப்பித்த நாட்டிலிருந்து இவர் ஒழுங்கான ஆசிரியர் என்று உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்றும் வேண்டும். அவள் கடிதம் கேட்டபோது, ஏற்கெனவே அவள் வேலையைக் கைவிட்டவள் என்று இங்கே ஃபைலை மூடியிருந்தார்கள். அம்மாவும் மாமாவும் மாறிமாறி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். ஒரு இராஜினாமாக் கடிதமும், அதை ஏற்றுக்கொண்டதாக ஒரு பதிலும் கையில் இருந்திருந்தால் இத்தனை அலைச்சல் இல்லை. அரச ஊழியர்கள் வெளிநாடு போவதற்கு 5 வருடம் வரை சம்பளமற்ற விடுமுறை எடுக்க 2022 ஜூனில் வந்த 14/2022 சுற்றறிக்கை வழிவிட்டது. அப்படி ஒன்று வந்ததையே அறியாமல் வேலையை எறிந்துவிட்டுப் போனவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன்.

அடுத்தது பெயர். எங்கள் பிள்ளைகளுக்கு இது பெரிய தலையிடி. ஓ.எல். சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால் முழுதாக இருக்கும். பட்டச் சான்றிதழில் அதுவே வெறும் முதலெழுத்து. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் பின்னால் போயிருக்கும், அதிலும் ஆங்கில எழுத்து ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும். கலியாணத்துக்குப் பிறகு எடுத்த புதுக் கடவுச்சீட்டில் கணவர் பெயர். இந்த நான்கும் ஒரே ஆள்தான் என்பது எங்களுக்கு விளங்கும். வின்னிபெக்கிலோ லீட்ஸிலோ மேசையில் இருக்கும் ஒரு அலுவலருக்கு விளங்காது. போவதற்கு முதலே சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து, பிறப்புச் சான்றிதழையும் பதிவுத் திருமணச் சான்றிதழையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி, தேவையானவற்றைப் பத்தரமுல்லை சுஹுருபாயவில் உள்ள வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்திக் கொண்டால் சரி. மூன்று நான்கு நாள் அலைய வேண்டும், அவ்வளவுதான். பட்டச் சான்றிதழின் மூலப்பிரதியை வீட்டு அலுமாரியில் வைத்துவிட்டு, போட்டோக் கொப்பியோடு போன பிள்ளைகள் இருக்கிறார்கள். மிளகாய்த்தூளும் வடகமும் நிறைபார்த்துப் பொதி கட்டும் வீட்டில் அந்த ஃபைலுக்கு இடம் கிடைப்பதில்லை.

ட்ரான்ஸ்கிரிப்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு அமைப்புகள் பெரும்பாலும் கையில் கொண்டுபோகும் பிரதியை ஏற்பதில்லை. பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகம் உறையை ஒட்டி, ஒட்டின இடத்துக்கு மேலே முத்திரை குத்தி நேரே அனுப்ப வேண்டும், அல்லது மின்னஞ்சலில் தாங்களே அனுப்ப வேண்டும். இங்கே இருந்தால் நேரில் போய்ப் பணம் கட்டி, எந்த மேசையில் நிற்கிறது என்று கேட்டு முடிக்கலாம். அங்கே போன பிறகு? இரவில் முழித்திருந்து, இங்கே அலுவலகம் திறக்கும் நேரம் பார்த்துப் போன் அடிக்க வேண்டும்.

மொழி விடயத்திலும் இதுதான் கதை. ஜெர்மனிக்கு மனைவியாகப் போகப் பெரும்பாலும் ஏ1, அதாவது ஜெர்மன் மொழியில் ஆரம்ப நிலை, தேவை. பிள்ளைகள் கொழும்பு 7இல் உள்ள கோதே நிறுவனத்தில் சேர்ந்து ஏ1 சோதனை எழுதுகிறார்கள், பாஸ் பண்ணுகிறார்கள், அத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஏ1 விசாவுக்குப் போதும். தொழிலுக்குப் போதாது. ஜெர்மனியில் தாதியாகப் பதிவு பெற, ஏ2, பி1 தாண்டி பி2 நிலை வரை வேண்டும். விசா வரும் வரை சும்மா இருக்கும் மாதங்களில் ஏ2, பி1 என்று போய்க்கொண்டே இருந்தால் அங்கே இறங்கும்போது பாதி வழி கடந்தாயிற்று. சுவிஸுக்குப் போகும் தாதிமார் அறிய வேண்டியது இன்னொன்று: வெளிநாட்டுத் தாதியர் படிப்பை அங்கே மதிப்பிட்டு அங்கீகரிப்பது சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கம். இதைச் சொல்ல ஒரு அக்கா போதும்.

லண்டன் போகும் டொக்டர் பிள்ளைகள், வெளிநாட்டில் படித்த டொக்டர்மார் அங்கே பதிவு பெற எழுதும் பி.எல்.ஏ.பி. பரீட்சையின் முதலாம் பகுதியைக் கொழும்பிலேயே எழுதலாம், இரண்டாம் பகுதிக்குத்தான் மான்செஸ்டர் போக வேண்டும். தாதிமாருக்கு அங்கத்தைய பதிவுச் சபை ஐ.ஈ.எல்.டி.எஸ். என்ற ஆங்கில மொழிச் சோதனையில் எழுத்துக்கு 6.5உம் மற்றவற்றுக்கு 7உம் கேட்கிறது. தாதியர் அறிவைச் சோதிக்கும், கணினியில் எழுதும் பரீட்சையை வெளிநாட்டிலிருந்தே எழுதலாம், செய்முறைப் பரீட்சை அங்கே. பொறியியல் படித்தவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது: இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம் 2014இல், பொறியியல் பட்டங்களை நாடுகளுக்கிடையே ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கையின் முழு உறுப்பினராகிவிட்டது. அந்த நிறுவனம் தரப்படுத்திய பட்டத்தை கனடா, பிரிட்டன், அவுஸ்திரேலியா போன்ற உறுப்பு நாடுகளின் பொறியியல் அமைப்புகள் தங்கள் பட்டத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்கின்றன. மொறட்டுவையில் சிவில் எஞ்சினியரிங் படித்த ஒரு பிள்ளை இது தெரியாமல், இந்தப் பட்டம் அங்கே செல்லாது என்று யாரோ சொன்னதை நம்பி, கல்லூரியில் அடிப்படை டிப்ளோமாவுக்குப் பணம் கட்டிவிட்டாள். சீமா, ஏ.சி.சி.ஏ. போன்ற கணக்கியல் தகைமை செய்தவர்களுக்கு அங்கத்துவம் எந்த நாட்டுக்குப் போனாலும் கூடவே வரும், சந்தாவை விடாமல் கட்டி வந்தால். சட்டம் படித்தவர்களுக்கு இங்கிலாந்தில் 2021இலிருந்து எஸ்.கியூ.ஈ. என்ற, சொலிசிற்றராவதற்கான பரீட்சை வழி இருக்கிறது.

இவையெல்லாம் இணையத்தில் கிடைக்காத இரகசியங்கள் இல்லை. தேடினால் கிடைக்கும். ஆனால் எதைத் தேட வேண்டும் என்று தெரிய வேண்டுமே. எங்கள் பிள்ளைகள் இணையத்தை நம்புவதை விட, ஸ்காபுரோவில் இருக்கும் மாமி சொல்வதைத்தான் நம்புகிறார்கள். மாமி அன்பாகத்தான் சொல்கிறா. ஆனால் மாமி சொல்வது அவ போன காலத்து நிலைமை. "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லாட்டி ஒண்டும் சரிவராது, வீணா மினக்கெடாத" என்பது அதில் முக்கியமானது. அந்த நிலைமை மாறி வருகிறது. ஒன்ராறியோவின் பொறியியலாளர் பதிவு அமைப்பு 2023 மே மாதத்தில் கனடிய அனுபவம் கட்டாயம் என்பதை நீக்கியது. 2023 டிசம்பரிலிருந்து அந்த மாகாணத்தில் இன்னும் பல தொழில்களின் பதிவுக்கும் அதைக் கட்டாயமாகக் கேட்க முடியாது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில்கூட அதைக் கேட்கக் கூடாது. சட்டம் வந்ததால் எல்லாக் கதவும் திறந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. நேர்முகத்தில் முகத்தைப் பார்த்தும் உச்சரிப்பைக் கேட்டும் ஒதுக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனாலும், முயற்சி செய்யாதே என்று சொல்லும் அறிவுரைக்கு இனி இடமில்லை.

கலியாணப் பேச்சைப் பற்றியும் கொஞ்சம் மனம் திறந்து கதைக்க வேண்டும். ஞாயிறு பத்திரிகையின் மணமகள் தேவை விளம்பரங்களைப் பாருங்கள். பட்டதாரிப் பெண், டொக்டர் பெண், கணக்காளர் பெண் என்றுதான் கேட்கிறார்கள். சாதகம் பார்க்கிறோம், சீதனம் கதைக்கிறோம், மாப்பிள்ளைக்குச் சொந்த வீடா வாடகை வீடா என்று கேட்கிறோம். அங்கே போனால் இவள் என்ன வேலை செய்வாள், அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி உண்டா, பரீட்சைக்குப் படிக்க முதல் இரண்டு வருடம் விடுவீர்களா என்று கேட்ட பெற்றோரை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். விசாவுக்கு விசா வித்தியாசம் பெரிது. கனடாவுக்கு வெளியிலிருந்து மனைவியாக ஸ்பொன்சர் ஆகிப் போகிறவள் இறங்கும்போதே நிரந்தர வதிவிடக்காரி, அடுத்த நாளே வேலைக்குப் போகலாம். பிரிட்டனில் மனைவி விசாவிலும் வேலை செய்யலாம். ஆனால் அமெரிக்காவில் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கும் ஒருவரின் மனைவியாக எச்-4 விசாவில் போகிறவளுக்கு அப்படி இல்லை. கணவரின் கிரீன்கார்ட் விண்ணப்பம் குறிப்பிட்ட ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் வேலை அனுமதி கேட்கலாம், அந்த வழியும் 2015 மே மாதத்தில்தான் வந்தது. கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் குழுத் தலைவியாக இருந்த பிள்ளைக்கு, இதை எழுத்துக்கு முதல் யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? தெரிந்துகொண்டே சம்மதிப்பது வேறு. போய் இறங்கிய பிறகு தெரிய வருவது வேறு.

ஒரு விடயத்தில் என்னைத் தவறாக எடுக்க வேண்டாம். டிம் ஹோர்ட்டன்ஸில் கோப்பி ஊற்றுவதையோ பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்வதையோ நான் குறைத்துச் சொல்லவில்லை. எங்கள் ஊர் வீடுகளின் கூரை எத்தனையோ அந்தச் சம்பளத்தில் ஏறியது. போரிலிருந்து தப்பிப் போன பெண்களுக்கு வேறு தெரிவே இருக்கவில்லை. எனக்குத் துக்கம், விருப்பமில்லாமல் இடைக்காலம் என்று எடுத்த வேலை வாழ்நாள் வேலையாவதுதான். அதே நேரம், படித்த தொழிலுக்கே எல்லோரும் திரும்ப வேண்டும் என்றும் இல்லை. இங்கே வங்கியில் இருந்த ஒருத்தி அங்கே சிறுவர் கல்வி படித்து, பாலர் நிலையம் ஒன்றில் வேலை செய்கிறாள். சம்பளம் வங்கியை விடக் குறைவு. ஆனால் அவள் போனில் அந்தப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்த மாட்டாள். இன்னொருத்தி மருத்துவமனைகளில் எங்கள் வயதுபோன ஆட்களுக்குத் தமிழில் மொழிபெயர்க்கிறாள். வீட்டில் நின்று பிள்ளை வளர்ப்பதே பிடித்திருக்கிறது என்று மனதாரச் சொல்கிறவளும் இருக்கிறாள். எல்லாம் நல்லது. தெரிவு அவளுடையதாக இருக்க வேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

சங்கங்களில் இருக்கும் மூத்த அக்காமாருக்கு ஒரு வார்த்தை. பேரப்பிள்ளை பார்க்கவென்று சூப்பர் விசா என்ற, பெற்றோருக்கான வருகை விசாவில் கனடா போகிறீர்கள். 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் 5 வருடம் வரை அங்கே நிற்கலாம். நீங்கள் அங்கே நிற்கும் காலம் மகளுக்கோ மருமகளுக்கோ பரீட்சைக்குப் படிக்கக் கிடைக்கும் ஒரே காலமாக இருக்கலாம். போகும்போதே, நான் பிள்ளையைப் பார்க்கிறேன், நீ இந்த வருடம் அந்தப் பதிவை முடி என்று சொல்லிவிட்டுப் போங்கள். மருமகளுக்குச் சொன்னால் இன்னும் நல்லது.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பணிக்காக மத்திய கிழக்குக்குப் போகும் பெண்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் புறப்படும் முன்னரான பயிற்சியைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பயிற்சியில் குறைகள் இருக்கலாம், அந்தப் பெண்கள் படும் பாடு தனியாக எழுத வேண்டிய விடயம். ஆனாலும், போகிற நாட்டைப் பற்றி யாரோ ஒருவர் உட்கார வைத்துச் சொல்கிறார். மனைவியாகப் போகும் எங்கள் பட்டதாரிப் பிள்ளைக்கு எங்கள் மத்தியில் அப்படி உட்கார வைத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. 1824இலேயே உடுவிலில் பெண்களுக்கென்று பள்ளிக்கூடம் இருந்த சமூகம் நாங்கள். இருநூறு வருடமாகப் பெண்களைப் படிப்பித்துவிட்டு, அந்தப் படிப்பைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போகச் சொல்வது எந்த நியாயம்?

நான் ஏன் அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன் என்றால், தேவையான ஆட்கள் உங்களிடம்தான் இருக்கிறார்கள். ரொறன்ரோ, லண்டன், சிட்னி, மெல்பேர்ன் என்று பழைய மாணவியர் கிளைகள் இருக்கின்றன. அங்கே பதிவு பெற்று வேலை செய்யும் தாதி, ஆசிரியை, பொறியியலாளர், வழக்கறிஞர் எல்லோரும் உங்கள் உறுப்பினர்களே. இன்றைக்கு அவர்களோடு நாங்கள் வைத்திருக்கும் தொடர்பு இராப்போசன விருந்துக்கு டிக்கெட் விற்பதும், பாடசாலைக் கட்டடத்துக்கு நிதி கேட்பதும்தான். அவர்களிடம் பணத்தோடு கொஞ்சம் நேரமும் கேளுங்கள். யார் என்ன தொழில், எந்த நகரம் என்று ஒரு பட்டியல் எடுத்து, இங்கிருந்து போகும் பிள்ளை ஒவ்வொருத்திக்கும் அதே தொழிலில் இருக்கும் ஒரு அக்காவைக் கைகாட்டி விடுங்கள். மாதம் ஒரு தடவை போனில் கதைத்தால் போதும். முதல் குளிர்காலத்தில், கணவர் இரவு வேலைக்குப் போன பிறகு, தனியாக இருந்து விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைக்கு அந்த ஒரு குரல் எவ்வளவு பெரிய உதவி என்று போனவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இங்கே செய்ய வேண்டியதும் பெரிய செலவில்லை. பாடசாலை மண்டபத்தில் சனிக்கிழமை காலையில் ஒரு மேசை. சான்றிதழ்களைப் பார்த்து, பெயர் வித்தியாசம் பிடித்து, எங்கே போய் எதை எடுக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்த இரண்டு பேர். ஓய்வுபெற்ற அதிபர்மாரும் பதிவாளர் அலுவலகத்தில் வேலை செய்தவர்களும் உங்கள் உறுப்பினர்களில் கட்டாயம் இருப்பார்கள். பரீட்சைக் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்குச் சங்கம் கடன் கொடுக்கட்டும், தானமாக வேண்டாம். வேலை கிடைத்ததும் திருப்பிக் கட்டுவாள், அந்தப் பணம் அடுத்தவளுக்குப் போகும். வசதியான வீட்டுப் பிள்ளைகளை மட்டும் நினைத்து இதைச் செய்யாதீர்கள். கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் ஒற்றை அறை வீட்டிலிருந்து படித்துத் தாதியான பிள்ளைக்குத்தான் இந்தக் கடன் முதலில் போக வேண்டும்.

நாட்டை விட்டுப் போகிறவர்களுக்கு நாங்கள் ஏன் செய்ய வேண்டும் என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. இங்கே ஆஸ்பத்திரிகளில் ஆளில்லை, பாடசாலைகளில் ஆசிரியர் இல்லை, 2022 நெருக்கடிக்குப் பிறகு அது இன்னும் மோசம். போகாமல் நிற்கிறவர்களுக்காகவும் நாங்கள் உழைக்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகள் கலியாணம் கட்டிப் போகத்தான் போகிறார்கள். இங்கே படித்த டொக்டர் அங்கே டொக்டராக இல்லாவிட்டால் எங்களுக்கும் இல்லை, அந்த நாட்டுக்கும் இல்லை, அவளுக்கும் இல்லை. சொந்தத் தொழிலில் நிற்கும் பெண் இங்கே திரும்பி வந்து நிற்கவும் முடியும். தொழிலை இழந்தவளுக்கு அந்த வழியும் அடைபட்டு விடுகிறது.

இந்த வருடம் எழுத்து முடிந்து விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு சங்கத்திலும் பத்துப் பேராவது இருப்பார்கள். அம்மாமாரையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வேலையில் இருக்கும் பிள்ளையை விசா கையில் வரும் வரை வேலையை விடாமல் இருக்கச் சொல்லுங்கள். சனிக்கிழமைகளில் அந்த மேசையில் இருக்க நான் வருகிறேன், வெள்ளவத்தையென்றாலும் கொட்டாஞ்சேனையென்றாலும். இதில் எந்தச் சங்கம் முதலில் கூப்பிட்டாலும் சரி.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு பழைய மாணவி